கூடிப்போன ஒயில்

பேரின்பம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற தன்னுடைய வானுக்குத் தானே எஞ்சின் ஒயில் மாற்றுகிறவர். புளியங்கூடலில் வாகனம் வைத்திருந்த மற்றவர்கள் வேலணையில் சேவிசுக்கு விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்க, அவர் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிழிந்த சாரமொன்றைக் கட்டிக்கொண்டு வானுக்குக் கீழே புகுந்துவிடுவார். "என்ரை எஞ்சினுக்குள்ளை வேறை ஆள் கை வைக்க விடமாட்டன்" என்பார். வடிகிற கறுத்த ஒயிலை நிலத்தில் சிந்தாமல் பழைய தாச்சியொன்றில் பிடித்து, கறையான் ஏறாமல் இருக்கக் கொட்டிலின் மரக்கால்களுக்குப் பூசுவார். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து மனோகரி பார்த்துவரும் காட்சி அது.

அதனால்தான் அந்த ஞாயிறு அவளும் ஒன்றையும் கவனிக்கவில்லை. அவர் ஒயிலை வடித்தார். பில்ரரைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார். கீழே இருந்த நட்டை இறுக்கினார். கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து, சேட்டை மாட்டிக்கொண்டு, வானில் ஏறித் திறப்பைப் போட்டுத் திருகினார். குசினி வாசலில் தேங்காய்ப்பூவோடு நின்ற மனோகரியின் கண்ணில், மதிலின்மேல் இருந்த புது ஒயில் கான் பட்டது. அதன் மூடி திறக்கப்படவேயில்லை.

"இஞ்சாருங்கோ! நிப்பாட்டுங்கோ! ஒயில் ஊத்தேல்லை!"

எஞ்சின் உறுமத் தொடங்கிவிட்டது. அவள் ஓடிப்போய், யன்னலுக்குள் கையை விட்டுத் திறப்பைத் திருப்பினாள்.

"என்ன விசர் வேலை பாக்கிறீர்? ஊத்தினனான்."

"ஊத்தேல்லை. அங்கை பாருங்கோ, கான் கிடக்கு."

அவர் இறங்கிப் போய்க் கானைத் தூக்கிப் பார்த்தார். வேறு யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "வயசு போகுதப்பா" என்றார். மனோகரியும் சிரித்தாள். ஆனால் ஒயிலை ஊற்றி முடித்த பிறகும் அவர் கானை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்ததைக் கண்டாள்.

அந்த வான்தான் அவர்களுடைய சீவியம். புளியங்கூடலிலும் வேலணையிலும் இருந்து யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிற பிள்ளைகளை அவர் காலையில் ஏற்றிப்போய் மத்தியானம் கொண்டுவந்து விடுவார். மழைக்கு அல்லைப்பிட்டி றோட்டில் வெள்ளம் நின்ற நாட்களிலும் பிள்ளைகளை அவர் வீட்டு வாசலில்தான் இறக்கியிருக்கிறார். இன்பம் அண்ணையின் வான் என்றால் தாய்மாருக்குக் கவலை இல்லை. ஒரே மகள் கோபிகா கலியாணம் கட்டி சுவிசுக்குப் போய்விட்டாள். அவளிடம் கை நீட்டக் கூடாது என்பது இரண்டு பேருக்கும் வீம்பு.

அந்த ஞாயிறுக்குப் பிறகு பேரின்பத்தை ஒயில் ஒரு பயமாகவே பிடித்துக்கொண்டது. விடிந்ததும் வானின் முன் இருக்கையைத் தூக்குவார். எஞ்சின் அதற்குக் கீழேதான் இருந்தது. ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்துத் துணியால் துடைத்து, திரும்ப விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கொஞ்சம் ஊற்றுவார். பிறகு பத்திரிகை வாசிப்பார். திடீரென்று முகம் மாறும். எழும்பிப் போய்த் திரும்பவும் இருக்கையைத் தூக்கித் திரும்பவும் ஊற்றுவார்.

கான்கள் கெதியில் முடிவதை மனோகரி கவனித்தாள். ஒரு பின்னேரம் அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத் தானே கம்பியை இழுத்துப் பார்த்தாள். கம்பியில் இரண்டு கோடுகள் உண்டு என்பதும், ஒயில் அவற்றுக்கு நடுவில் நிற்கவேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். மேல்கோட்டையும் தாண்டி விரற்கடை உயரத்துக்கு ஒயில் நின்றது. கூடினால் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. அளவுக்கு வைக்க வேண்டியதை அளவுக்குத்தான் வைக்கவேண்டும் என்பது மட்டும் தெரியும்.

ஸ்பனரையும் தாச்சியையும் எடுத்துக்கொண்டு வானுக்குக் கீழே புகுந்தாள். நட்டை இளக்கியதும் ஒயில் சீறிக்கொண்டு வந்து கையில் இறங்கி, முழங்கை வழியாகச் சட்டைக்குள் ஓடியது. பதறிப்போய் நட்டைத் திருப்பி இறுக்கினாள். வடிந்ததைத் துணியில் அரித்துக் கானுக்குள்ளேயே திரும்ப ஊற்றி வைத்தாள். அடுத்தநாள் அவர் அதே ஒயிலை எடுத்து எஞ்சினுக்குள் ஊற்றினார். அவள் வடித்தாள். அவர் ஊற்றினார். வாரக்கணக்காக ஒரே ஒயில்தான் அந்த வீட்டில் கானுக்கும் எஞ்சினுக்குமாக அலைந்தது.

ஒருநாள் அவர் கண்டுவிட்டார்.

"உதுக்குக் கீழை என்ன செய்யிறீர்?"

"பேட்டுக்கோழி முட்டை இட்டிருக்கோ எண்டு பாக்கிறன்."

அவர் குனிந்து தானும் முட்டை தேடினார். மனோகரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே விளங்கவில்லை.

பிறகு மற்றவையும் வந்தன. வேலணையில் தாரிகா என்ற சின்னப்பிள்ளையின் வீட்டு ஒழுங்கையைத் தாண்டிப்போய், பிள்ளைகள் சத்தம் போட்டபின் திரும்பி வந்தார். கோபிகா தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருக்கும்போதே, "கோபிகா பள்ளிக்கூடத்தாலை வந்திட்டாளோ?" என்று அவளிடமே கேட்டார். மனோகரி ஒரு சனிக்கிழமை, கால் நோவுக்கு மருந்து எடுக்கப் போவோம் என்று சொல்லி, அவரை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டொக்டர் இளம் பெண். அவரிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். சில சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாள். தாளில் ஒரு மணிக்கூட்டைக் கீறச் சொன்னாள். அவர் வட்டத்தை அழகாகக் கீறிவிட்டு, எல்லா இலக்கங்களையும் ஒரு பக்கத்தில் குவித்து எழுதினார். பிறகு அவரை வெளிக் கதிரையில் இருக்கவிட்டு, டொக்டர் மனோகரியிடம் கதைத்தாள். இது மறதி வருத்தம். மருந்துக் குளிசையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், மாற்ற ஏலாது. தனியே விடாதேங்கோ.

"ஐயா என்ன வேலை? வாகனம் ஏதும் ஓடுறவரோ?"

மனோகரி கையிலிருந்த குடையைப் பார்த்தாள்.

"இல்லைப் பிள்ளை. தோட்டம்."

"அது நல்லது. வாகனம் எண்டால் இண்டையோடை நிப்பாட்டவேணும்."

திரும்பி வரும்போது வானை அவர்தான் ஓட்டினார். கடலுக்கு மேலால் போகிற பண்ணைப் பாலத்தில் காற்று அள்ளிக்கொண்டு வந்தது. கால் நோ பறந்துவிட்டது, நல்ல டொக்டர் என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய கைகள் ஸ்ரியரிங்கில் ஒரு பிழையும் விடவில்லை. கை மறக்காது என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வருசக் கடைசிவரைக்கும், பிள்ளைகளின் சோதினை முடியும்வரைக்கும் மட்டும். அதற்குப் பிறகு வானை விற்றுவிடலாம்.

திங்கட்கிழமையிலிருந்து அவளும் வானில் ஏறினாள். சின்னப்பிள்ளைகளைப் பார்த்து ஏற்றி இறக்க ஓர் ஆள் வேண்டும் என்று தாய்மாருக்குச் சொன்னாள். அவர்களுக்கு அது இன்னும் சந்தோசம். முன் இருக்கையில், எஞ்சினின் சூட்டுக்குமேல் இருந்துகொண்டு, "உதிலை திரும்பவேணும்", "தாரிகா நிக்கிறாள்" என்று பேச்சோடு பேச்சாக வழிசொன்னாள். வீட்டில் ஒயிலை வடித்தாள். ஒவ்வொரு நாளும் தப்பியது.

ஐப்பசியில் புங்குடுதீவில் அவளுடைய மாமி செத்துப்போனாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் செய்தி வந்தது. அவரையும் கூட்டிப்போனால் செத்தவீட்டில் எல்லாருக்கும் விளங்கிவிடும் என்று பயந்தாள். பக்கத்து வீட்டு அனோஜினியிடம், சாப்பாடு கொடுத்து அவரை ஒருக்கால் எட்டிப் பார்க்கும்படி சொல்லிவிட்டுத் தனியே போனாள். ஞாயிறு பிரேதம் எடுத்தார்கள். திங்கள் காலை முதல் பஸ்ஸில் வந்து, வேலணை வங்களாவடிச் சந்தியில் இறங்கி நின்றாள். வான் நேரத்துக்கு வந்தது. பிள்ளைகள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள், தாரிகாவும் இருந்தாள். அவளுக்கு நெஞ்சு ஆறியது.

ஏறும்போது ஒயில் மணந்தது. அவருடைய சேட்டுக் கையில் ஈரமாக ஒயில் பட்டிருந்தது.

"ஒயில் பாத்தனீங்களோ?"

"ஓம், ஓம். எல்லாம் பாத்தாச்சு. ஒண்டுக்கும் பயமில்லை."

கம்பியைப் பார்க்கவேண்டுமென்றால் முன் இருக்கையைத் தூக்கவேண்டும். முன்னால் அவளோடு இரண்டு பிள்ளைகள் புத்தகப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். பின்னால் ஒருத்தி, "அன்ரி, எங்களுக்கு இண்டைக்குத் தவணைச் சோதினை, பிந்தினால் விடமாட்டினம்" என்றாள். மனோகரி கதவைச் சாத்தினாள். பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் பார்ப்போம் என்று நினைத்தாள்.

அல்லைப்பிட்டி வரைக்கும் ஒன்றும் இல்லை. மண்டைதீவுச் சந்தி தாண்டிப் பாலத்தில் ஏறியபோது எஞ்சினின் சத்தம் மாறியது. அவர் மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் சத்தம் இறங்கவில்லை, ஏறியது.

"அன்ரி, புகை!"

திரும்பிப் பார்த்தாள். பின் கண்ணாடியில் றோட்டும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. நீலமும் வெள்ளையுமாகப் புகை மட்டும் இருந்தது. வான் வேகம் எடுத்தது. எஞ்சின் அவளுக்குக் கீழே ஆடு அறுபடுவதுபோலக் கத்தியது.

"மெதுவா! மெதுவாப் போங்கோ!"

"நான் மிதிக்கேல்லை" என்றார். அவருடைய குரல் சின்னப்பிள்ளையின் குரலாக இருந்தது. "மனோ, நான் மிதிக்கேல்லை!"

திறப்பைத் திருப்பினார். எஞ்சின் நிற்கவில்லை. இன்னும் திருப்பி, அதை அடியோடு இழுத்து எடுத்துவிட்டு, கையில் கிடந்த திறப்பையே பார்த்தார். அந்த நேரம்தான் ஸ்ரியரிங் பூட்டிக்கொண்டது. பாலத்தின் வளைவில் வான் வளையவில்லை. மனோகரி "பிறேக்!" என்று கத்தினாள். றோட்டுக் கரையில் ஒரு மோட்டார்சைக்கிள் நின்றது. அதன் பின்னால் மீன்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். அவனுடைய முகத்தை அவள் முழுதாகக் கண்டாள்.

வான் அவனையும் மோட்டார்சைக்கிளையும் கொண்டுபோய்க் கரைத் தூணோடு நசுக்கி நின்றது. நின்ற பிறகும் எஞ்சின் நிற்கவில்லை. யாருக்கும் கட்டுப்படாமல் கத்திக்கொண்டேயிருந்தது. மனோகரி எப்படி இறங்கினாள், எப்படிப் பக்கக் கதவை இழுத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கிக் கரையில் விட்டாள். ஒருத்திக்கு நெற்றியில் இரத்தம். தாரிகாவுக்குக் கை வீங்கியிருந்தது. கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகுதான் உள்ளே ஏதோ உடைந்து, எஞ்சின் தானாகச் செத்தது. அதற்குப் பிறகு அந்த மனிதன் கத்துவது கேட்டது.

பேரின்பம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. திறப்பு இன்னும் கையில் இருந்தது.

அவனுடைய பெயர் றஜீபன். மண்டைதீவு. கடற்றொழில். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

பொலிஸ் வானை இழுத்துக்கொண்டு போனது. வாகனம் பரிசோதிக்கிற அதிகாரி வந்து பார்க்கும்போது இரண்டு பேரையும் வரச்சொல்லியிருந்தார்கள். அதிகாரி ஒயிலை வடித்தார். ஒரு வாளி நிறைந்து இரண்டாவது வாளியும் பிடிக்கவேண்டியிருந்தது. வடிக்க ஆள் இல்லாத மூன்று நாளும் அவர் புதுக் கான்களையும் வாங்கி ஊற்றியிருக்கிறார் என்று மனோகரிக்கு விளங்கியது.

"இருக்கவேண்டியதிலை இரண்டு மடங்கு கிடக்கு" என்றார். "இப்பிடிக் கூடினால் ஒயில் மேலாலை காத்துக் குழாய்க்குள்ளை போகும். டீசல் எஞ்சின் அதைக் குடிச்சுக்கொண்டு தன்ரை பாட்டிலை ஓடும். திறப்பை நிப்பாட்டி என்ன பிரியோசனம்? ஆர் உதை ஊத்தினது?"

பேரின்பம் மனோகரியைப் பார்த்தார். யாராவது சொல்லித் தரமாட்டார்களா என்று தேடுகிற கண்கள். அவருடைய வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள்:

"நான்தான் ஊத்தினனான் ஐயா."

"நீங்களோ?"

"அவருக்கு உதவியா இருக்கட்டும் எண்டு. அளவு தெரியாமல் ஊத்திப்போட்டன்."

அதிகாரி தலையை ஆட்டினார். பொலிஸ்காரர் எழுதினார். பேரின்பம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் மெல்ல மெல்லக் கோபத்தில் சிவந்தது.

ஊருக்குள் கதை அன்றைக்கே பரவியது. பொம்பிளை எஞ்சினுக்குள்ளை கைவைத்து ஒரு குடும்பத்தின் வாழ்க்கையை அழித்துப்போட்டாள். பாவம் இன்பம் அண்ணை, இத்தனை வருசம் ஒரு கீறல் இல்லாமல் ஓடின மனிசன். தாய்மார் அவரைப் பார்க்க வாழைப்பழச் சீப்போடு வந்தார்கள். மனோகரியோடு அவர்கள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தாரிகாவின் தாய் மட்டும் போகும்போது படலையடியில் நின்று, "தெரியாத வேலை ஏனக்கா உங்களுக்கு?" என்று கேட்டாள். மனோகரி படலையைச் சாத்திக் கொழுவினாள்.

அடுத்த கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். றஜீபன் மருந்து மயக்கத்தில் கிடந்தான். கட்டிலின் ஒரு பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது. அவனுடைய மனைவி அஞ்சலா வாங்கிலில் இருந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தால் கோபிகாவிலும் இளையவள். மனோகரியை வெளியே விறாந்தைக்குக் கூட்டிவந்தாள்.

"நீங்கள்தானே ஒயில் ஊத்தினது?"

மனோகரி வீட்டிலிருந்து வரும்போது ஒன்றும் சொல்ல நினைத்து வரவில்லை. ஆனால் அந்தத் தட்டையான போர்வையைக் கண்ட பிறகு அவளால் பொய்யைத் தாங்க முடியவில்லை. "இல்லைப் பிள்ளை" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவருடைய வருத்தத்தைச் சொன்னாள். தான் வடித்ததைச் சொன்னாள். டொக்டர் கேட்டதையும், தான் தோட்டம் என்று சொன்னதையும் சொன்னாள்.

அஞ்சலா கேட்டுக்கொண்டிருந்தாள். செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"அப்ப, தெரிஞ்சுகொண்டுதான் ஓட விட்டனீங்கள்."

"ஓம்."

"இவ்வளவு பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு."

"ஓம் பிள்ளை."

அஞ்சலா கையை ஓங்கினாள். அடிப்பாள் என்று மனோகரி நினைத்தாள். அடிக்கட்டும் என்று நின்றாள். ஓங்கிய கை செபமாலையோடு அந்தரத்தில் நின்று, பிறகு தானாகவே இறங்கியது. விறாந்தையால் ஒரு தாதி போனாள். அவள் போகும்வரை அஞ்சலா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"உதை வேறை ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"இல்லை. உமக்குத்தான். பொலிசுக்கும் போய்ச் சொல்லுறன்."

"சொல்லாதேங்கோ."

மனோகரி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்சூரன்ஸ்காரர் வந்து போனவை" என்றாள் அஞ்சலா. "ஓடின ஆளுக்கு ஏதும் வருத்தம் இருந்ததோ எண்டுதான் துருவித் துருவிக் கேட்டவை. இருந்தது எண்டால் அதைச் சாட்டி ஒண்டும் தரமாட்டினம். இவர் இனிக் கடலுக்குப் போக ஏலாது. எனக்கு இரண்டு குஞ்சுகள். நீங்கள் உங்கடை மனச்சாட்சியை ஆத்த, நாங்கள் பட்டினி கிடக்க ஏலாது. ஊத்தினது நீங்கள்தான். வழக்கு வந்தால் கோட்டிலையும் அப்பிடித்தான் சொல்லவேணும்."

"சொல்லுறன்."

"சாகும்வரைக்கும் சொல்லவேணும்."

"சொல்லுறன் பிள்ளை."

"இனி இஞ்சை வராதேங்கோ" என்று சொல்லிவிட்டு அஞ்சலா உள்ளே போனாள். கதவு ஆடி ஆடி நின்றது.

மனோகரி பஸ்ஸில் திரும்பினாள். பாலத்தில் அந்தத் தூணடியில் கண்ணாடித் தூள் இன்னும் மினுங்கியது. கடற்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. பேரின்பத்தின் லைசென்சை எடுத்துவிட்டார்கள். மனோகரி பனங்கிழங்கு அவித்து விற்கிறாள், இரண்டு ஆடு வளர்க்கிறாள், கோபிகா அனுப்புவதை மறுக்காமல் வாங்குகிறாள். கோபிகாவுக்கும் தாய் பிழை விட்டுவிட்டாள் என்றுதான் தெரியும். தொலைபேசியில் தகப்பனோடுதான் நிறையக் கதைக்கிறாள்.

பேரின்பத்துக்கு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. தாரிகாவைத் தெரியாது. வேலணைக்குப் போகும் வழி தெரியாது. பாலத்தில் நடந்தது ஒன்றும் நினைவில்லை. றஜீபன் என்ற பெயரைச் சொன்னால், "அது ஆர், எங்கடை ஆக்களோ?" என்று கேட்கிறார். சோறு தின்றதை மறந்து திரும்பக் கேட்கிறார். சில காலைகளில் மனோகரியைப் பார்த்து, "அக்கா, நீங்கள் எப்ப வந்தனீங்கள்?" என்று மரியாதையாகக் கதிரையைக் காட்டுகிறார்.

ஆனால் ஒன்று மட்டும் அவருக்குள் இறங்கி நின்றுவிட்டது. அது ஏன் என்று அந்த டொக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. போன கிழமை கிராம சேவையாளர் ஏதோ பதிவுக்கு வந்தபோது, பேரின்பம் வெறுமையாகக் கிடந்த கொட்டிலைக் காட்டி, தெளிவாக, ஒரு சொல்லும் தடுக்காமல் சொன்னார்:

"அதுக்குள்ளைதான் என்ரை வான் நிண்டது தம்பி. நல்ல எஞ்சின். ஒருத்தரையும் கைவைக்க விட்டதில்லை. இந்த மனிசி எனக்குத் தெரியாமல் ஒயிலை ஊத்தி அழிச்சுப்போட்டாள். அளவு தெரியாது. கேக்கவும் இல்லை."

கிராம சேவையாளர் எழுதுவதை விட்டுவிட்டு மனோகரியைப் பார்த்தார்.

"ஓம் தம்பி" என்றாள் அவள். "நான்தான் ஊத்தினனான். தேத்தண்ணி குடியுங்கோ, ஆறப்போகுது."